கரங்கான் டிவிஷன்

ஆத்துமேட்டுத் தோட்டம்,
6 ஏப்ரல் 2025

அன்பு ரூபினிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே இருவரும் இருக்கிற மாதிரியே இருக்கிறோம். நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாடாங் செராயில் இருப்பவளுக்கு, இருபது நிமிடத் தூரத்திலிருந்து, தபால்தலை ஒட்டிய கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. உன் அண்ணனுக்கு வாதம் வந்து இரண்டு வருடமாகப் போகிறது. வலப்பக்கமும் பேச்சும் போயின, காது போகவில்லை. இரண்டு அறை வீட்டில் நான் யாரிடம் போனில் பேசினாலும் அவருக்குக் கேட்கிறது. செய்தி அனுப்பலாம் என்றால், போன் நாள் முழுக்க அவருடைய இடக்கையில். போன மாதம் நீ "அண்ணி, வேலை விஷயம் என்னாச்சு?" என்று அனுப்பினாயே, அதை முதலில் படித்தவர் அவர்தான். இரண்டு நாள் சாப்பிட வாயைத் திறக்கவில்லை. ஊட்டிய கஞ்சியை நெஞ்சில் வழியவிட்டார். ஆகவே காகிதம். பக்கத்து வீட்டு இராசாத்தி வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவாள். நீயும் அவள் பெயருக்கே எழுது.

அந்த வேலை இன்னும் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாலர் பள்ளியில் வாரம் மூன்று நாள், காலை எட்டிலிருந்து மூன்று மணிவரை, அடுத்த ஜனவரியில் தொடக்கம். என்னை வேண்டும் என்கிறார்கள். அந்த மூன்று நாளும் இவரை யாரிடம் விடுவது?

நீ உட்காரும் கிளினிக்கில் வாதம் வந்தவர்களுக்குப் பகல்நேரப் பயிற்சி நடக்கிறதாம். வேனில் அழைத்துப் போய் நான்கு மணிக்குக் கொண்டுவந்து விடுவார்களாம். ஓடைப் பாலத்திலிருந்து நான்கே கிலோமீட்டர். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். எங்கள் பக்கத்துக் கிளினிக் இருபத்தாறு கிலோமீட்டர், அங்கே பயிற்சி கிடையாது. மாதம் ஒருமுறை தாதி மிஸ்ஸி வந்து சிறுநீர்க் குழாயை மாற்றிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

வழி ஏதாவது உண்டா? விசாரித்து எழுது.

உன் அண்ணி,
காஞ்சனா


பாடாங் செராய்,
24 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

பிள்ளைகள் சுகம். எனக்கு முதுகு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பதினெட்டு வருடம் பதிவு கவுன்டரில் உட்கார்ந்ததற்கு அரசாங்கம் கொடுத்த பரிசு. நீங்கள் உங்கள் கைவலியைப் பற்றி எழுதவே இல்லை. அண்ணனைத் தூக்கித் தூக்கி அது என்ன கதியில் இருக்கிறதோ.

உங்கள் கடிதத்தை இடைவேளையில் கழிவறையில் நின்று படித்தேன். சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மாவட்டச் சுகாதார அலுவலகங்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வரப்போகின்றன. எல்லையோரத் தோட்டங்களுக்கு மட்டும் எங்கள் வேனும் பயிற்சியும், அதற்குப் பதிலாக எங்கள் பக்கக் கம்பத்துக் கிராமங்களுக்கு அவர்களுடைய பல் மருத்துவர். ஜூலையில் தொடங்கும் என்கிறார்கள். எல்லைப் பட்டியல் என்று ஒன்று தயாராகிறது, அதில் பெயர் ஏற வேண்டும்.

அண்ணனுடைய ஐசி அடையாள அட்டை நகலும் மின்சார பில்லும் அனுப்புங்கள். விண்ணப்பப் போராங்கை நானே நிரப்புகிறேன். உங்களுக்கு எதற்கு அந்தத் தலைவலி.

அன்புடன்,
ரூபினி


ஆத்துமேட்டுத் தோட்டம்,
19 மே 2025

அன்பு ரூபினிக்கு,

கை பரவாயில்லை. மழை நாளில் கொஞ்சம் குத்தும். உன் முதுகுக்குச் சுடுநீர் ஒத்தடம் கொடு.

ஐசி நகல், பில் இரண்டும் இதனுடன். பில்லில் வீட்டு லாட் எண்ணும் மாவட்ட உட்பிரிவான முக்கிமும் தெளிவாக இருக்கின்றன, பார்த்துக்கொள்.

நேற்று மிஸ்ஸி வந்து குழாய் மாற்றினார். "பாலத்தைத் தாண்டினால் பயிற்சி இருக்கிறதாமே" என்று கேட்டேன். கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "அக்கா, எனக்குப் பாலத்தோட பெட்ரோல் காசு முடிஞ்சிரும். அதுக்கு அந்தாண்ட உங்க வூட்டுக்காரரு என் நோயாளி இல்ல, அவங்க நோயாளியும் இல்ல. லுவார் கவாசான்." வெளிப்பகுதி என்பதற்கான அந்த இரண்டு மலாய்ச் சொற்கள் இவருடைய அட்டையில் சிவப்பு முத்திரையாக ஏற்கெனவே இருக்கின்றன.

கோடிவீட்டுப் பாப்பம்மா நிறுத்திக் கேட்டாள்: "என்னாம்மா காஞ்சனா, வேலைக்குப் போறியாமே? புருசன யாரு ஜாகா பண்ணிப் பாத்துக்கறது, கோழியா?" என் வீட்டுக் கோழியும் அந்த நேரம் பார்த்துக் கொக்கரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குள் வந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பேசியது உள்ளே கேட்டிருக்கும்.

இவரைப் படுக்கவைத்துவிட்டுக் கதவருகே நின்றால் ஒற்றையடிப்பாதை தெரிகிறது. அதில் எத்தனை அடி போனால் இவர் தொண்டையால் போடும் சத்தம் எனக்குக் கேட்காமல் போகும் என்று ஒருநாள் நடந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு அடி. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

அண்ணி


பாடாங் செராய்,
10 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும், சின்னவனுக்குச் சளிக்காய்ச்சல்.

ஏற்பாடு கையெழுத்தாகிவிட்டது. போராங்கை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வேன் அடுத்த மாதம் வரும். கவலை வேண்டாம்.

அண்ணனிடம் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா? சொல்லாமல் இருந்தால், கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். நாற்பத்திரண்டு அடி என்று எழுதியிருந்தீர்களே. அப்படியெல்லாம் நடக்காதீர்கள், பாம்பு கிடக்கும்.

ரூபினி


ஆத்துமேட்டுத் தோட்டம்,
12 ஆகஸ்ட் 2025

அன்பு ரூபினிக்கு,

சின்னவன் தேறிவிட்டானா? இங்கே சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

வேன் வந்தது. போன ஞாயிறு, வாரத்தின் முதல் வேலை நாள், காலை ஏழே காலுக்குப் பாலத்தைத் தாண்டி வந்ததை நானே பார்த்தேன். இவருக்கு முகம் மழித்து, நீலச் சட்டை போட்டு, சக்கர நாற்காலியில் வாசலில் வைத்திருந்தேன். எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை, காற்று வாங்க என்றேன். வேன் தோட்டத்து மேட்டு டிவிஷனுக்குப் போய் நான்கு பேரை ஏற்றியது. எங்கள் வீட்டைத் தாண்டித் திரும்பியது. ஓடிப்போய்க் கை காட்டினேன். ஓட்டுநர் பிச்சை, அந்தப் பக்கத்து ஆள், நல்ல மாதிரிதான். பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தார்.

"சிவநேசன்னு இல்லியே அக்கா."

"நல்லாப் பாருங்க அண்ணே, எல்லைப் பட்டியல்ல."

"எல்லைப் பட்டியல்தான் இது. நாலு பேருதான். பேரு இல்லாத ஆள ஏத்துனா என் வேலை போயிரும்லா."

அதோடு முடியவில்லை. போன மாதத்திலிருந்து மிஸ்ஸியும் வரவில்லை. எங்கள் பக்கத்துக் கிளினிக்குக்கு இராசாத்தியின் போனிலிருந்து கூப்பிட்டேன். "சிவநேசனோட பதிவு பக்கத்து மாவட்டத்துக்கு மாறிப் போச்சே, இனி அவங்கதான் வருவாங்க" என்றார்கள். அவர்களா வருகிறார்கள்? குழாய் மாற்றி இரண்டு மாதம் ஆகப்போகிறது. தண்ணீர் அதிகமாகக் கொடுத்து, துணியை நானே மாற்றி ஒப்பேற்றுகிறேன்.

முன்பு ஒரு பக்கமாவது எங்களுக்கு இருந்தது. என்ன நடந்தது என்று பார்.

காஞ்சனா


பாடாங் செராய்,
9 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. இருக்க வேண்டும்.

கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தவறு முகவரியில், தோட்டத்தில் உங்கள் லயம் இருக்கும் பிரிவின் பெயரில். நான் "கரங்கான் டிவிஷன்" என்று எழுதாமல் கரங்கான் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். நம் தோட்டத்துக்கே உள்ள அந்தப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கரங்கானுக்குப் போகும் பழைய பாதை அந்த லயத்தின் வழியாகப் போனதால் அந்த டிவிஷனுக்கு அந்தப் பெயர். நாங்கள் சின்ன வயதில் "வீடு எங்கே" என்று யார் கேட்டாலும் "கரங்கான்ல" என்போம். பள்ளிப் புத்தகத்தில்கூட அப்படித்தான் எழுதினேன். கரங்கான் டவுன் அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர், அது எங்கள் கிளினிக்கின் சொந்தப் பகுதி. அலுவலகத்தில் அண்ணனை டவுன் ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் எல்லைப் பட்டியலில் ஏறவில்லை. டவுன் வேன் டவுனில் வீட்டைத் தேடி, இல்லை என்று குறித்துவிட்டது. அந்தச் செய்தி உங்கள் பக்கத்துக்குப் போனதும், அவர்கள் இடம் மாறிவிட்டார் என்று பெயரை எடுத்துவிட்டார்கள்.

திருத்தலாம். ஆனால் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். டிசம்பர் ஆகும்.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரூபினி


ஆத்துமேட்டுத் தோட்டம்,
2 அக்டோபர் 2025

அன்பு ரூபினிக்கு,

உன் அண்ணனுக்குப் போன வாரம் காய்ச்சல் வந்து குளிரில் உடம்பு தூக்கிப் போட்டது. இப்போது தேவலை. நீ பதறக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

இராசாத்தியின் தம்பி காரில் எங்கள் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவரு இப்ப இங்க இல்லியே" என்றாள். அவளுக்கு இரண்டடி தூரத்தில் பல் கிட்டித்துப்போய்க் கிடக்கிறார். இங்கே இல்லையாம். "அப்ப இது யாரும்மா?" என்று கேட்டேன். பாவம், சின்னப் பெண், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளே அம்புலன்ஸுக்குச் சொன்னாள். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ஐந்து நாள் வைத்திருந்து, குழாய் மாற்றி அனுப்பினார்கள். அந்த ஐந்து இரவும் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் நன்றாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவருடைய மூச்சை வேறு யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபமில்லாமல். பில்லை அனுப்பினேன். லாட் எண்ணும் முக்கிமும் அதில் இருந்தன. பதினெட்டு வருடமாக நீ ஒரு நாளைக்கு நூறு முகவரி பதிகிறாய். கரங்கான் என்று எழுதியபோது பில் உன் முன்னால்தானே இருந்தது?

தீபாவளிக்கு வருவாய்தானே. வரும்போது பேச முடியாது. எழுதிவிடு.

காஞ்சனா


ஆத்துமேட்டுத் தோட்டம்,
14 நவம்பர் 2025

அன்பு ரூபினிக்கு,

சுகம் விசாரித்து மீண்டும் நானே எழுதுகிறேன். தீபாவளிக்கு முறுக்கோடு வந்தாய், அரை மணி நேரம் இருந்தாய், என் முகத்தைப் பார்க்காமல் போனாய். கடிதமும் இல்லை. பாலர் பள்ளியில் டிசம்பர் பதினைந்துக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார்கள்.

நான் இவரிடம் சொல்லிவிட்டேன்.

பயந்து பயந்துதான் சொன்னேன். வேலை, மூன்று நாள், வேன், பயிற்சி எல்லாம். அவர் முதுகைத் துடைத்துக்கொண்டே சொன்னேன், அப்போதுதான் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. முடித்ததும் என் மணிக்கட்டை இடக்கையால் பிடித்தார். விடமாட்டேன் என்கிறார் என்றுதான் நினைத்தேன். பிடித்தபடியே என் கையைக் கதவுப் பக்கம் திருப்பிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. பிறகு கால்களைக் காட்டினார். சிலிப்பர்! அவருடைய சிலிப்பரை எடுத்து மாட்டிவிடச் சொல்கிறார். மாட்டினேன். அன்று மாலை முழுக்கச் சிலிப்பரைக் கழற்ற விடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்கு வேன் எங்களைத் தாண்டிப் போனதை அவரும் பார்த்தவர்தானே. இந்த நான்கு சுவருக்குள் மாட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான் என்று இரண்டு வருடம் நினைத்திருக்கிறேன்.

டிசம்பர் பட்டியலில் பெயர் ஏறுகிறதா? அதை மட்டுமாவது சொல்.

அண்ணி


பாடாங் செராய்,
27 நவம்பர் 2025

அண்ணிக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பில் என் முன்னால்தான் இருந்தது.

எங்கள் சொந்தப் பகுதி நோயாளிக்கு ஒரு தாள்தான். எல்லைப் பட்டியலில் வருபவருக்கு இரண்டாவது தாள் ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் குடியிருக்கும் நெருங்கிய சொந்தம் ஒருவர், வாரிஸ் என்று, அதில் கையெழுத்துப் போட வேண்டும். நான்கு மணிக்கு வேன் திரும்பும்போது வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்த வாரிஸ் வீட்டுக்குத்தான் நோயாளியைக் கொண்டு போவார்கள். அதன் பிறகு பொறுப்பு முழுக்க அந்த வாரிஸுடையது. இந்தப் பகுதியில் அண்ணனுக்கு ரத்த சொந்தம் நான் ஒருத்திதான்.

அந்தப் பில்லோடுதான் உங்கள் நாற்பத்திரண்டு அடிக் கடிதம் வந்தது. அண்ணி, நீங்கள் படித்தவர். லோரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு இந்த லயத்துக்கு வந்தபோதே, எங்கள் வீட்டில் "இது தங்காது" என்று பேசிக்கொண்டோம். இருபது வருடம் தங்கிவிட்டீர்கள். ஆனாலும் உங்கள் கையில் ஒரு வேலையும் ஒரு பேருந்து நிறுத்தமும் கிடைத்துவிட்டால், ஒருநாள் நான்கு மணிக்கு நீங்கள் வீட்டில் இல்லாமல் போவீர்கள் என்று எனக்குப் பட்டது. என் வீட்டில் மூன்று பிள்ளைகளும் மாமியாரும் ஒரே குளியலறையும். அண்ணனை எங்கே வைப்பேன்?

கரங்கான் என்று எழுதினால் சொந்தப் பகுதி ஆகிவிடும், ஒரே தாளில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன். பிச்சை அண்ணனிடம் வீட்டை வாயால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். டவுனுக்கு வேறு வேன், வேறு ஓட்டுநர் என்று தெரியாது. மிஸ்ஸி வருவது நின்றுபோகும் என்று சத்தியமாகத் தெரியாது. தெரிந்த பிறகு பழைய பழக்கம் என்று எழுதினேன், அது பொய். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று படித்த அன்று கவுன்டரில் மூன்று பேருக்கு வரிசை எண்ணை மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டாவது தாள் இப்போது என் பையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொடுக்கத்தான் கை வரவில்லை. தினமும் நான்கு மணிக்கு வந்துவிடுவேன் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த நாளே கொடுத்துவிடுகிறேன்.

ரூபினி


ஆத்துமேட்டுத் தோட்டம்,
3 டிசம்பர் 2025

ரூபினிக்கு,

இருவரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் வந்து நான்கு நாள். அந்த ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். எழுதுவது கஷ்டமில்லை. எழுதிய பிறகு அதைப் படித்தால் அதில் நான் இல்லை.

உனக்குக் கோபம் கோபமாக எழுதிய தாள்கள் அடுப்படியில் கிடக்கின்றன, அவற்றை அனுப்பவில்லை. நீ செய்ததால் உன் அண்ணன் சாகப் பார்த்தார். அதை நீயும் மறக்க மாட்டாய், நானும் மறக்க மாட்டேன். ஆனால் நீ பயந்தது பொய்யில்லை. திரும்பி வராமல் போவதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை என்று சொன்னால், அதுவும் உன் கரங்கான் மாதிரிதான்.

ஆகவே வருவேன் என்று எழுதித் தர மாட்டேன். இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் இருந்தேன், அதை யாரும் எழுதிக் கேட்கவில்லை. உனக்கு அது போதாது என்றால் தாளைக் கிழித்துவிடு. நான் இங்கேயே இருக்கிறேன், போக வழியில்லை. நீ கொடுத்தால், செவ்வாய்க்கிழமைகளில் நான்கு மணிக்கு வேன் உன் வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஒரே குளியலறையானாலும் சரி. இரவு எட்டு மணிக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன். வாரத்தில் அந்த ஒரு மாலையை அவர் உன்னோடு இருக்கட்டும்.

இது கெஞ்சல் இல்லை.

காஞ்சனா


பாடாங் செராய்,
29 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். தாளைப் பதினோராம் தேதியே கொடுத்துவிட்டேன். பட்டியலில் ஐந்தாவது பெயர். லாட் எண், முக்கிம், டிவிஷன் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். எண்ணை மாற்றித் தட்டாமல் இருக்கச் சத்தமாகப் படித்தேன், பக்கத்துக் கவுன்டர் ஷீலா சிரித்தாள். பாலர் பள்ளிக்குச் சொல்லிவிட்டீர்கள் என்று இராசாத்தி சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைக்கு வரவேற்பறையில் கட்டில் போட்டாயிற்று. மாமியார் முணுமுணுக்கிறார். "நாலு மணி நேரம்தான் அத்தை, நாலு வருஷம் இல்ல" என்றேன். நாலு மணி நேரம்தானே, அண்ணி?

ரூபினி


பாடாங் செராய்,
11 ஜனவரி 2026, ஞாயிறு

அன்பு ரூபினிக்கு,

உன் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முதல் நாள் முடிந்துவிட்டது. பதினேழு பிள்ளைகள். ஒருத்தி மத்தியானம்வரை அழுதாள், பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். கை வலிக்கிறது, நல்ல வலி.

காலை ஏழே காலுக்கு வேன் வீட்டு முன்னால் நின்றது. பிச்சை அண்ணன் இறங்கி வந்து, "வாங்க பாஸ், உங்கள ஏத்தத்தான் அஞ்சு மாசமா ரோட்ட பழகுனேன்" என்றார். உன் அண்ணனுக்குத் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு. நான் அதை மறந்தே போயிருந்தேன். வேன் பாலம் ஏறியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது வலித்தது, ஏன் என்று தெரியவில்லை.

இப்போது மணி மூன்று பத்து. இந்த நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகள் வருகின்றன. ஒன்று நம் தோட்டச் சந்திப்பு வழியாகக் கோலா கெத்திலுக்கு, மற்றது நம் பக்கம் வராமல் சுங்கை பட்டாணிக்கு. சுங்கை பட்டாணி வண்டி சற்றுமுன் வந்து நின்றது. கதவு திறந்தே இருந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்து, "நாய்க்?" என்று கேட்டார், ஏறுகிறாயா என்று. பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. இல்லை என்றேன். அது போய்விட்டது.

நீ கேட்ட வரியை இன்றைக்கு மட்டும் எழுதித் தர முடியும்: நம் பக்கம் போகும் வண்டி தூரத்தில் தெரிகிறது, அதில் ஏறுகிறேன். செவ்வாய்க்கு உன் வீட்டுக் கட்டிலில் விரிப்பை மட்டும் தயாராக வை.

காஞ்சனா